பொறுப்பு நிற்பவரின் கடமை



ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்பொழுது ஞானத்தந்தையும் ஞானத்தாயும் அருகில் நிற்கிறார்கள். பேசத் தெரியாத அந்தக் குழந்தைக்காக அவர்கள் வாக்குக் கொடுக்கிறார்கள். ஏறக்குறைய கி.பி. 200ஆம் ஆண்டளவில் ஞானஸ்நானத்தைப் பற்றி எழுதிய தெர்த்துல்லியன் என்னும் ஆசிரியர், இவ்வாறு நிற்பவர்களை இலத்தீன் மொழியில் "ஸ்பொன்சர்" என்றே குறிப்பிடுகிறார். இன்னொருவருக்காக வாக்குக் கொடுத்துப் பொறுப்பு நிற்பவர் என்பதே அச்சொல்லின் கருத்து.

இன்று அதே சொல் எமது வீடுகளில் வேறொரு காரியத்துக்காக நாளாந்தம் அடிபடுகின்றது. "தம்பிக்கு லண்டனிலை ஸ்பொன்சர் கிடைச்சிட்டுது", "மாமா ஸ்பொன்சர் பண்ணுறாராம்" என்று மகிழ்ச்சியோடு சொல்லிக்கொள்கிறோம். வெளிநாட்டில் தொழில் நடத்தும் ஒருவர், இங்குள்ள ஒருவரை வேலைக்கு எடுப்பதாக அந்நாட்டு அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்து, விசாவுக்கு வழி செய்வதையே இப்பொழுது அச்சொல்லால் குறிக்கிறோம்.

இந்த இரண்டு இடத்திலும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான். வாக்குக் கொடுத்ததினால் கட்டுப்படுபவர் யார்? ஞானஸ்நானத் தொட்டியருகே நின்று வாக்குக் கொடுத்தவர் ஞானத்தந்தை. ஆகவே கட்டுப்பட்டவரும் அவரே. குழந்தை அவருக்கு அடிமையாகிவிடவில்லை. ஆனால் வேலைக்கு ஆள் எடுக்கும் விடயத்தில் இது தலைகீழாகிவிடுவதைக் காண்கிறோம். பொறுப்பு நின்றவர் சுதந்திரமாக இருக்கிறார். வந்தவரோ வாய் திறக்கமுடியாமல் கட்டுண்டு கிடக்கிறார். "நான்தானே உன்னைக் கூப்பிட்டனான்" என்ற ஒரே வார்த்தை அவருடைய கூலியையும் ஓய்வையும் மானத்தையும் விழுங்கிவிடுகிறது. இது கிறிஸ்தவனுக்கு அடுக்குமா என்பதை இன்று சிந்திப்போம்.

லாபானும் யாக்கோபும்

ஆதியாகமத்தின் 29ஆம் அதிகாரம் முதல் 31ஆம் அதிகாரம் வரை ஒருமுறை ஆறுதலாக வாசித்துப் பாருங்கள். சொந்த வீட்டில் உயிராபத்து வந்ததால் யாக்கோபு என்ற வாலிபன் ஊரைவிட்டு வெளியேறுகிறான். தாய் ரெபேக்காள் அவனைத் தன் சகோதரன் லாபானிடம் அனுப்புகிறாள். பிரச்சினைக் காலத்தில் பிள்ளையைக் காப்பாற்ற வெளிநாட்டிலுள்ள தாய்மாமனிடம் அனுப்பும் தாய்மாரின் கதை எமக்குப் புதிதல்லவே.

லாபான் ஓடிவந்து மருமகனைக் கட்டித் தழுவுகிறான். நீ என் எலும்பும் தசையும் அல்லவா என்று உறவு கொண்டாடுகிறான். ஒரு மாதம் கழிகிறது. அப்பொழுது லாபான் ஒரு நல்ல கேள்வி கேட்கிறான்: உறவினன் என்பதற்காக நீ எனக்குச் சும்மா உழைக்கவேண்டுமா, உன் சம்பளம் என்னவென்று சொல் என்கிறான். இதைக் கேட்டால் எவ்வளவு நீதியான முதலாளி என்று எவரும் நினைப்பர். ஒப்பந்தமும் பேசப்படுகிறது. இராக்கேலுக்காக ஏழு ஆண்டுகள் உழைப்பது என்று முடிவாகிறது.

நடந்தது என்ன? ஏழு ஆண்டு முடிவில் லாபான் பேசிய பேச்சை மாற்றினான். யாக்கோபு இன்னும் ஏழு ஆண்டு உழைக்கவேண்டியதாயிற்று. அதன்பின் மந்தைக்காக மேலும் ஆறு ஆண்டுகள் உழைத்தான். இருபது ஆண்டுகளும் முடிந்தபின், பகலில் வெயிலிலும் இரவில் குளிரிலும் நித்திரையின்றி உழைத்ததையும், சம்பளம் பத்து முறை மாற்றப்பட்டதையும் யாக்கோபு தன் வாயால் எடுத்துரைக்கிறான். ஆண்டவர் மாத்திரம் தன் துன்பத்தையும் தன் கைகளின் உழைப்பையும் கண்டிராவிட்டால், மாமன் தன்னை வெறுங்கையோடு அனுப்பியிருப்பான் என்றும் சொல்கிறான்.

லாபான் அந்நியனல்ல, தாய்மாமன். ஏமாற்றத் துணிந்ததும் அந்த உறவின் துணிவில்தான். அந்நியனோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்வோம். சொந்தக்காரனோடு வாய்ப்பேச்சோடு விட்டுவிடுவோம். கேட்டால் "எங்களுக்குள்ளை என்ன கணக்கு" என்போம். இன்று லண்டனில் கடை, எரிபொருள் நிலையம், உணவகம், முதியோர் பராமரிப்பு நிலையம் நடத்தும் எம்மவர் பலர் உளர். அவர்களுட் பலர் நேர்மையாக நடப்பவர்கள். ஊரிலிருந்து வந்தவர்களைத் தம் பிள்ளைகள்போல் நடத்துபவர்கள். ஆனால் லாபானின் வீடும் அங்கே இல்லையென்று சொல்லிவிட முடியாது.

சட்டம் கேட்பது என்ன?

பிரித்தானியாவில் 2020 டிசம்பர் 1ஆம் திகதி முதல், திறமையுள்ள தொழிலாளருக்கான புதிய விசா முறை நடைமுறையிலுள்ளது. இதன்படி வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க விரும்பும் நிறுவனம் முதலில் உள்துறை அமைச்சிடம் அனுமதிப் பத்திரம் பெறவேண்டும். அதன் பின்னரே ஒவ்வொரு தொழிலாளருக்கும் அனுசரணைச் சான்றிதழ் வழங்கலாம். அந்தச் சான்றிதழில் வேலை, சம்பளம், வேலை நேரம் யாவும் குறிப்பிடப்படும். அது ஒரு நிறுவனம் ஓர் அரசாங்கத்துக்குக் கொடுக்கும் வாக்கு.

அந்த வாக்கினால் நிறுவனத்தின்மேல் சில கடமைகள் விழுகின்றன. வேலை உண்மையான வேலையாக இருக்கவேண்டும். எழுதிய சம்பளம் முழுவதும் கைக்குச் சேரவேண்டும். கடவுச்சீட்டின் பிரதி, விலாசம், தொலைபேசி இலக்கம், வேலை ஒப்பந்தம், சம்பளச் சிட்டை, லீவு விபரம் ஆகியவற்றை ஒழுங்காக வைத்திருக்கவேண்டும். தொழிலாளர் வேலைக்கு வந்து சேராவிட்டாலோ, அனுமதியின்றித் தொடர்ந்து 10 வேலை நாட்களுக்கு மேல் வராவிட்டாலோ, விலகிவிட்டாலோ, சம்பளத்திலோ வேலையிலோ முக்கிய மாற்றம் ஏற்பட்டாலோ, 10 வேலை நாட்களுக்குள் அறிவிக்கவேண்டும். நிறுவனம் கைமாறினாலோ இடம் மாறினாலோ 20 வேலை நாட்களுக்குள் அறிவிக்கவேண்டும். இவற்றோடு அந்நாட்டுத் தொழிற் சட்டங்கள் அனைத்தும் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் பொருந்தும். ஆண்டுக்கு 5.6 வாரச் சம்பளத்துடனான லீவு அவருக்கும் உண்டு.

செலவைப் பற்றியும் சட்டம் பேசுகிறது. வெளிநாட்டவரை எடுப்பதற்காக நிறுவனம் அரசாங்கத்துக்குக் கட்டவேண்டிய திறன் வரியை ஒருபோதும் தொழிலாளரிடம் அறவிடக்கூடாது. 2024 டிசம்பர் 31 முதல், இவ்வகை விசாவுக்கான அனுமதிப் பத்திரக் கட்டணத்தையும் சான்றிதழ்க் கட்டணத்தையும்கூட அவர்மேல் சுமத்தக்கூடாது என்று விதிக்கப்பட்டுள்ளது. அந்தச் சான்றிதழின் கட்டணம் 2025 ஏப்பிரலில் 525 பவுணாக உயர்ந்தது. நிறுவனமே செலுத்தவேண்டிய இந்தக் கட்டணத்தின் பெயரால் ஆயிரக்கணக்கான பவுண் கேட்பவர் என்ன வியாபாரம் செய்கிறார் என்று நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கடமைகளைச் சிலர் வெறும் கடதாசி வேலையென்று அலட்சியம் செய்கிறார்கள். கடதாசி பிழைத்தால் பாதிக்கப்படுவது யார்? நிறுவனம் தவறினால் அதன் அனுமதிப் பத்திரம் இரத்தாகும். அப்பொழுது அங்கு வேலை செய்தவரின் விசாக் காலமும் குறுக்கப்படும். வழக்கமாக 60 நாட்களே அவருக்கு அவகாசம். அதற்குள் வேறொரு முதலாளியைத் தேடிக்கொள்ளவேண்டும். அல்லது நாடு திரும்பவேண்டும். பராமரிப்புத் துறையில் மாத்திரம் 2022 யூலை முதல் 2024 டிசம்பர் வரை 470க்கு மேற்பட்ட அனுமதிப் பத்திரங்களை இரத்துச் செய்ததாகப் பிரித்தானிய அரசாங்கம் அறிவித்தது. முதலாளி செய்த பிழைக்குத் தொழிலாளி நாட்களை எண்ணிக்கொண்டு நிற்கும் நிலை அது. காணியை ஈடு வைத்து, தாலிக்கொடியை அடைவு வைத்து வந்தவனுக்கு அந்த 60 நாட்கள் எப்படியிருக்கும்?

உரிய விசா இல்லாதவரைச் சம்பளச் சிட்டையின்றி மறைவாக வேலைக்கு வைப்போருக்கும் தண்டனை உண்டு. 2024 பெப்ரவரி முதல் முதற் தடவைக்கு ஆளொருவருக்கு 45,000 பவுண் வரையும், மறுபடி செய்தால் 60,000 பவுண் வரையும் தண்டப்பணம் விதிக்கப்படலாம். சட்டம் இதைத் தண்டப்பணத்தால் அளக்கிறது. திருச்சபை வேறொரு அளவுகோலையும் வைத்திருக்கிறது.

திரிகைக்கல்லை ஈடாக எடுக்காதே

உபாகமம் 24ஆம் அதிகாரத்தில் ஒரு சிறு கட்டளை உண்டு. கடன் கொடுத்தவன் கடன் பட்டவனின் திரிகைக்கல்லை ஈடாக எடுக்கக்கூடாது. அப்படிச் செய்தால் அவன் உயிரையே ஈடாக எடுத்ததாகும் என்கிறது. திரிகை இல்லாவிட்டால் மாவில்லை; மாவில்லாவிட்டால் அப்பமில்லை. அதே அதிகாரம் தொடர்ந்து, கூலியாளை ஒடுக்காதே, அவன் உன் இனத்தவனாயினும் உன் ஊரில் தங்கியிருக்கும் அந்நியனாயினும் அன்றன்றைய கூலியைச் சூரியன் மறையுமுன் கொடுத்துவிடு, அவன் அதையே நம்பியிருக்கிறான் என்றும் கட்டளையிடுகிறது.

அந்நிய நாட்டிலே தொழிலாளியின் திரிகைக்கல் அவனுடைய கடவுச்சீட்டு. "துலைஞ்சு போகும், நான் வைச்சிருக்கிறன்" என்று முதலாளி வாங்கி அலுமாரியில் பூட்டினால், அவன் அவனுடைய உயிரை ஈடாக எடுத்துவிட்டான். சட்டம் முதலாளியைப் பிரதியைத்தான் வைத்திருக்கச் சொல்கிறது, கடவுச்சீட்டையல்ல. அடையாள ஆவணங்களைப் பறித்து வைப்பதும், சம்பளத்தை நிறுத்தி வைப்பதும், கடனால் கட்டி வைப்பதும் கட்டாய உழைப்பின் அடையாளங்கள் என்று சர்வதேச தொழில் தாபனம் வகுத்துள்ளது. குடிபெயர்ந்தோர் தம் அடையாள ஆவணங்களை எப்பொழுதும் தாமே வைத்திருக்க உரிமையுள்ளவர்கள் என்பதை மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் 2018ஆம் ஆண்டு உலகக் குடிபெயர்ந்தோர் தினச் செய்தியிலே தெளிவாக எடுத்துரைத்தார்.

கடவுச்சீட்டை வாங்காமலே கட்டி வைக்கும் முறையும் உண்டு. "ஒரு வார்த்தை அமைச்சுக்கு எழுதினால் உன்ரை விசா போச்சு" என்ற பயமுறுத்தல் அது. உண்மையை அறிவிப்பது முதலாளியின் கடமை. அந்தக் கடமையையே சவுக்காக்கி, மேலதிக நேரத்துக்குக் கூலி கேட்பவனை அடக்குவது பாவம். தொழிலாளி அந்த முதலாளியின் உடைமையல்ல. உரிய அனுமதியை முதலில் பெற்றுக்கொண்டு, வேறொரு பொறுப்பாளரிடம் மாறிச்செல்லச் சட்டமே வழி விட்டிருக்கிறது.

மத்திய கிழக்கு நாடுகளில் எமது பெண்கள் அனுபவித்த துன்பங்களும் இந்தச் சுரண்டலின் இன்னொரு வடிவமே. அங்கே இம்முறைக்கு "கஃபாலா" என்று பெயர். பொறுப்பேற்றல் என்பதே அந்த அரபுச் சொல்லின் பொருள். ஆயினும் முதலாளியின் சம்மதமின்றி வேலை மாறவும் நாட்டைவிட்டு வெளியேறவும் முடியாதபடி அது ஒரு சங்கிலியாயிற்று. கட்டார் 2020இல் இக்கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. சவூதி அரேபியாவும் 2021இல் சிலவற்றைத் தளர்த்தியபோதிலும், வீட்டுப் பணியாளரை அச்சீர்திருத்தத்துக்குள் சேர்க்கவில்லை. அரபு முதலாளியைப் பற்றிக் கதைக்கும்போது எமக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபம் நியாயமானது. அதே செயலை எம்மவர் ஒருவர் எம்மவருக்கே செய்யும்போது மாத்திரம் அதற்கு உதவி என்று பெயர் சூட்டலாமோ?

முதலில் நீதி, பின்பு தயவு

ரூத் ஆகமத்திலே போவாஸ் என்ற நிலக்காரனைச் சந்திக்கிறோம். மோவாப் நாட்டிலிருந்து வந்த விதவையான ரூத் அவனுடைய வயலில் கதிர் பொறுக்குகிறாள். அறுவடையில் சிந்தியதை ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவிடவேண்டுமென்பது லேவியராகமத்தின் சட்டம். ஆகையால் அவள் பொறுக்கியது பிச்சையல்ல, உரிமை. போவாஸ் அந்த உரிமையை மதித்தான். அதன்பின் அவளைத் தொந்தரவு செய்யவேண்டாமென்று வேலையாட்களுக்குக் கட்டளையிட்டான். தாகத்துக்குத் தண்ணீரும் பசிக்கு உணவும் கொடுத்தான். சில கதிர்களை வேண்டுமென்றே விட்டுச்செல்லும்படியும் சொன்னான்.

இந்த ஒழுங்கைக் கவனியுங்கள். சட்டப்படி உரியதைக் கொடுத்த பின்னரே அவன் தயவு காட்டினான். நீதியாகக் கொடுக்கவேண்டியதைத் தர்மம் கொடுப்பதுபோல் கொடுக்கக்கூடாது என்று 2ஆம் வத்திக்கான் சங்கம் பொதுநிலையினரின் பணி பற்றிய ஏட்டிலே போதிக்கிறது. இருக்க அறை கொடுத்தேன், சாப்பாடு கொடுத்தேன், நத்தாருக்குச் சேட்டு வாங்கிக் கொடுத்தேன் என்று கணக்குச் சொல்பவர், முதலில் அவன் மாதச் சம்பளம் முழுமையாகப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கட்டும். வங்கியில் முழுச் சம்பளத்தையும் போட்டுவிட்டு, மறுநாள் பாதியைக் கையில் திருப்பித் தரச் சொல்பவர், மனிதரின் கணக்குப் பரிசோதகரை ஏமாற்றலாம், இறைவனை ஏமாற்றமுடியாது.

வேறு நாட்டிலிருந்து வரும் தொழிலாளரை உற்பத்திக் கருவிகளாகக் கருதாமல் மனிதராக நடத்தவேண்டுமென்று அதே சங்கம் 1965ஆம் ஆண்டு கூறியது. பாப்பரசர் 2ஆம் அருள் சின்னப்பரும் மனித உழைப்பைப் பற்றி 1981இல் எழுதிய சுற்றுமடலிலே, தொழில் உரிமைகளில் குடிபெயர்ந்தவர் உள்ளூர்த் தொழிலாளரை விடத் தாழ்ந்த நிலையில் வைக்கப்படலாகாது என்று வலியுறுத்தினார்.

முதலாளிமாருக்கும் கஷ்டமுண்டு என்பதை மறுக்கவில்லை. வாடகை, வரி, வங்கிக் கடன் என்று எத்தனையோ சுமைகள். சிறு கடைக்காரருக்குப் பதிவேடுகளும் அறிவித்தல்களும் பெரும் தலையிடிதான். அதற்கு மருந்து நற்செய்தியிலேயே உண்டு. கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கவேண்டும் என்று ஆண்டவர் சொன்னார். முழுச் சம்பளமும் கொடுக்க முடியுமா, கட்டணங்களைத் தாங்க முடியுமா, பதிவேடுகளை ஒழுங்காக வைக்க முடியுமா என்று கணக்குப் பாருங்கள். முடியாவிட்டால் "என்னால் முடியாது" என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்பவரிடம் உறவினர் கோபிக்கலாம். ஆயினும் தன்னால் நிறைவேற்றமுடியாத வாக்கை நம்பி ஒரு குடும்பம் காணியை ஈடு வைக்க அவர் காரணராக மாட்டார்.

வீட்டிலிருக்கும் எமக்கு

இது வெளிநாட்டிலுள்ளவர்களுக்கான பிரசங்கம் மாத்திரமல்ல. அனுப்பி வைக்கும் பெற்றோருக்கும் பொறுப்புண்டு. இல்லாத வேலைக்குப் பணம் கொடுத்துப் பத்திரம் வாங்குவதும் பொய்தான். பராமரிப்பு ஊழியர் வேலை 2022 பெப்ரவரியில் இந்த விசா முறைக்குள் சேர்க்கப்பட்டது. வெளிநாட்டிலிருந்து அவ்வேலைக்குப் புதிதாக ஆள் எடுப்பது 2025 யூலை 22 முதல் நிறுத்தப்பட்டது. மூடப்பட்ட வாசலைத் திறந்து விடுவதாகப் பணம் கேட்பவரை எக்காரணம் கொண்டும் நம்பாதீர்கள். வேலை ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்குங்கள். விளங்காவிட்டால் விளங்கியவரிடம் காட்டுங்கள். பிரித்தானிய அரசாங்கம் அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலை வெளியிடுகிறது. அதிலே பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இங்குள்ள முகவர் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதி பெற்றவரா என்றும் விசாரியுங்கள்.

போன பிள்ளை தொலைபேசியில் அழுதால், "கொஞ்சம் பொறுத்துக்கொள், மாமாவோடை பகைக்காதை" என்று உடனே வாயை அடைத்துவிடாதீர்கள். கடனும் வட்டியும் நெஞ்சை நெருக்கும், அது உண்மை. ஆனால் பிள்ளை முதலில் வேண்டுவது தன் சொல்லை நம்பும் ஒருவரைத்தான். சம்பளச் சிட்டையையும் வேலை செய்த நேரத்தையும் எழுதிப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். கடவுச்சீட்டு அவனிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். அங்குள்ள தகுதி பெற்ற சட்ட ஆலோசகரை நாடச் சொல்லுங்கள்.

ஈடுசெய்தல்

தொழிலாளியின் கூலியை வஞ்சிப்பது வானத்தை நோக்கி முறையிடும் பாவங்களுள் ஒன்று என்பதைச் சிறுவயதில் ஞானோபதேசத்திலே படித்திருக்கிறோம். புனித யாகப்பரின் நிருபம் 5ஆம் அதிகாரத்தில், அறுவடைக்காரருக்குக் கொடாமல் பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடுகிறது என்றும், அக்குரல் சேனைகளின் ஆண்டவருடைய செவிகளுக்கு எட்டிவிட்டது என்றும் எச்சரிக்கப்படுகிறது. கூலியாளின் கூலியைப் பறிப்பவன் இரத்தம் சிந்துபவன் என்று சீராக் ஆகமம் 34ஆம் அதிகாரம் அதைவிடக் கடுமையாகச் சொல்கிறது.

ஆகவே, இப்படிச் செய்தவர் எவராயினும், பாவசங்கீர்த்தனத்தில் முறையிடுவதோடு காரியம் முடிந்துவிடாது. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். சக்கேயு ஆண்டவரை வீட்டில் ஏற்றபோது, யாரையாவது வஞ்சித்திருந்தால் நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னான். அன்றுதான் அவன் வீட்டுக்கு மீட்பு வந்தது. ஊர்க் கோயிலுக்குக் கோபுரம் கட்டிக் கொடுப்பதும், திருவிழாவுக்குப் பெருந்தொகை அனுப்புவதும் நல்லவையே. ஆனால் தொழிலாளிக்குச் சேரவேண்டிய பணத்தில் கட்டிய கோபுரத்தை இறைவன் ஏற்கமாட்டார். அந்தப் பணம் முதலில் உழைத்தவன் கைக்குப் போகட்டும்.

அன்பானவர்களே, பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் 1952ஆம் ஆண்டு குடிபெயர்ந்தோரைப் பற்றி வெளியிட்ட ஏட்டின் ஆரம்பத்திலேயே, எகிப்துக்கு ஓடிப்போன திருக்குடும்பத்தைக் குடிபெயர்ந்த குடும்பங்கள் யாவற்றுக்கும் முன்மாதிரியாக நிறுத்தினார். தச்சரான புனித சூசையப்பர் அந்நிய நாட்டில் மனைவியையும் குழந்தையையும் காப்பாற்ற உழைக்கவேண்டியிருந்திருக்கும். அங்கே யார் அவருக்கு வேலை கொடுத்தார் என்று நற்செய்தி சொல்லவில்லை. எவராயிருந்தாலும், அவர் கொடுத்த கூலியில்தான் உலக இரட்சகர் வளர்ந்தார். இன்று எமது கடையிலோ, எமது நிலையத்திலோ, எமது வீட்டிலோ வேலைக்கு வந்து நிற்பவரின் முகத்தில் சூசையப்பரைக் காண்போமாக. அவருடைய கூலியை நாள் தவறாமல் கொடுப்போமாக.

குடிபெயர்ந்து உழைக்கும் எம் பிள்ளைகளைக் காக்கவும், அவர்களுக்காகப் பொறுப்பு நிற்போர் கொடுத்த வாக்கைக் காப்பாற்றவும், வஞ்சித்தோர் மனந்திரும்பி ஈடுசெய்யவும் புனித சூசையப்பர் எமக்காக இறைவனை மன்றாடுவாராக. ஆமென்.